விடு என்ற பொத்தான்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் பென்சில் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர்கள் மூன்று மாடி ஏறி இறங்கிக் கடைசியில், "பென்சிலா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று திட்டு வாங்கியதுண்டு.

பெயர் வந்தது பழைய வேலையால். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் படுக்கைப் பதிவேட்டு எழுத்தராகச் சேர்ந்தார். நாளைக்கு ஒரு அறுவைக்குப் படுக்கை வேண்டும் என்று சீட்டு வந்தால், அதை முதலில் பென்சிலில் எழுதுவார். பிறகு ஒவ்வோர் இடமாக நடப்பார். அறுவை அறை காலியா, மருத்துவர் ஊரில் இருக்கிறாரா, மயக்க மருந்து கொடுப்பவர் வருவாரா, இரத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, எல்லாம் சரியென்றால் பேனாவை எடுப்பார். ஒன்று தவறினாலும் அழிரப்பர். பேனாவால் எழுதிய வரியை அவர் அடித்துத் திருத்தி யாரும் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோது வேலை போய்விடும் என்று நினைத்தார். வந்தவர்கள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதை ஏன் சார் முதல்ல எழுதறீங்க? அதை ஏன் அப்புறம் கேக்கறீங்க?" என்று நான்கு மாதம் குடைந்தார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டே, அவர்கள் தட்டுவதைக் கவனித்தார். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகங்கள் வாங்கிப் பேருந்தில் படித்தார். புரியாத பக்கத்தைப் புரியும்வரை திருப்பமாட்டார். ஒரு பக்கத்திலேயே ஒரு வாரம் நின்றதும் உண்டு. ஐந்தாவது வருடம் அவருடைய நாற்காலி அவர்கள் அறைக்குள் போயிற்று. பட்டம் கிடையாது. ஆனால் அவர் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தவர்கள் அதில் கை வைக்கத் தயங்கினார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் முழுவதும் எழுதிப் பார்க்காமல் அவர் விசைப்பலகையைத் தொட்டதில்லை.

முதலில் இருந்தது ஒரே பெரிய புரோகிராம். படுக்கை, அறை, மருத்துவர், இரத்தம் எல்லாம் அதன் ஒரே வயிற்றுக்குள். அறுவை பதிவானால் எல்லாம் சேர்ந்து பதிவாகும். நடுவில் ஒன்று கெட்டால், எதுவுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குப் போய்விடும். பென்சிலுக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி மூன்று கட்டிடமாக வளர்ந்தது. ஒரு மூலையில் பழுதென்றால் எல்லாம் நின்றது. அதனால் அந்தப் பெரிய புரோகிராமை ஆறு சின்னச் சேவைகளாக உடைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி, தனிப் பதிவேடு, தனி ஆட்கள். ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடும். அவரவர் வீட்டுக்கு அவரவர் எஜமான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஆறு வீடுகளின் கதவையும் ஒரே நேரத்தில் பூட்டித் திறக்க இனி யாருக்கும் அதிகாரம் இல்லை. படுக்கை சரி என்று எழுதிவிடும், மருத்துவர் சரி என்று எழுதிவிடுவார், ஐந்தாவதாக அறை முடியாது என்று சொல்லும். முதல் நால்வரும் அதற்குள் பேனாவால் எழுதி முடித்திருப்பார்கள். அழிரப்பருக்கு வேலையில்லை. செய்ததை எதிர்ச்செயலால்தான் சமன்செய்ய வேண்டும், அதுவும் கடைசியில் செய்ததிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாக.

இந்த ஆறு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு வேலை வாங்கும் புரோகிராமை நடத்துநர் என்று எழுதினார்கள். வாயில் அது கண்டக்டர் ஆனது. "கண்டக்டர் விசில் கொடுக்கலையா?" "பின்னால எடுக்கச் சொல்றான் சார், எல்லாரும் இறங்குங்க." இப்படித்தான் அந்த அறையில் பேச்சு ஓடும். கண்டக்டரை எழுதியவர் பென்சில். எந்தச் செயலுக்கு எது எதிர்ச்செயல் என்று சொல்லும் திருப்பு அட்டவணையும் அவருடையதுதான். அது கட்டத்தாளில், அவர் மேசைக் கண்ணாடியின் அடியில் இருந்தது. சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார். நோயாளியின் வீட்டுக்குப் போகும் செய்தி அப்படி ஒரு வரி. அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெற முடியாது. இன்னொரு செய்தி அனுப்பத்தான் முடியும். இரத்த வரிக்குப் பக்கத்தில் குறி எதுவும் இல்லை. ஒதுக்கிய பையை ஒதுக்கல் நீக்கினால், அதே பை அதே குளிர்பெட்டியில் அப்படியே இருக்கும். அட்டவணையிலேயே சுத்தமான வரி அதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

அந்த வரியில் இரண்டே சொற்கள்: ஒதுக்கு, விடு.

இரத்த வங்கியின் திரையிலும் அந்தச் சொற்களே பொத்தான்களாக இருந்தன. முதலில் அவர் "ஒதுக்கலை நீக்கு" என்றுதான் எழுதினார். பொத்தான் சின்னது; எழுத்து வெளியே வழிந்தது. வங்கியைப் பார்த்துக்கொண்ட அம்மாள் – ஆஸ்பத்திரியே அவரை வங்கியம்மா என்று கூப்பிடும் – திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன சார், பொத்தானுக்கு மேல கதை எழுதியிருக்கீங்க? கையில கையுறையோட நான் எதைப் படிப்பேன்?" என்றார். அப்போது பென்சில்தான் "விடு" என்று சுருக்கினார். வங்கியம்மாவுக்குப் பிடித்துப்போனது. "இது நல்லா இருக்கு. ஒதுக்கு, விடு. ஒதுக்கு, விடு. உடற்பயிற்சி மாதிரி." ஆறு வருடமாக அந்த இரண்டு பொத்தான்களில்தான் அவர் வேலை நடந்தது.

பென்சிலின் அக்கா அவரைவிடப் பதினொரு வயது மூத்தவள். அவர் குடியிருந்த கட்டிடத்திலேயே ஒரு மாடி மேலே, தன் கணவரோடு இருந்தாள். முப்பது வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிற வேலை. சட்டத்துக்கு ஏற்றபடி வில்லையின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கும். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கண்ணாடியைப் பார்ப்பாள். "ஆஸ்பத்திரில பெரிய ஆளுன்னு சொல்றே, மூக்கு மேல ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குது பாரு, அதை நேராக்கத் தெரியலே" என்று தம்பியின் கண்ணாடியைக் கழற்றி, ஒரு முறை முறுக்கி, திரும்ப மாட்டிவிடுவாள்.

அவள் கணவரை மாமா என்றுதான் பென்சில் கூப்பிட்டார். சரக்கு லாரி ஓட்டி ஓய்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அக்கா இருவருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள்.

அந்த வருடத் தொடக்கத்தில், வேறு எதற்கோ எடுத்த படத்தில், அக்காவின் வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் போல வீங்கியிருப்பது தெரிந்தது. வலி ஒன்றும் இல்லை. ஆனால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வெடித்தால் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. வெட்டித் தைக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு பை இரத்தம் கையில் இருந்தாக வேண்டும் என்றார் மருத்துவர்.

அக்காவின் இரத்தம் ஓ நெகட்டிவ். அதுவே கிடைப்பது அரிது. அதோடு, இருபத்தாறு வயதில், குழந்தை தங்காமல் போன ஒரு பிரசவத்தில் ஏற்றிய இரத்தத்துக்குப் பிறகு, அவள் உடம்பு அந்நிய இரத்தத்தைக் கண்டால் எதிர்க்கப் பழகியிருந்தது. அதே வகையைச் சேர்ந்த பை என்றாலும் பெரும்பாலானவை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வங்கியம்மா பல ஊர்களிலிருந்து பைகளை வரவழைத்து, மூன்று மாதத்தில் அறுபத்து மூன்றைச் சோதித்தார். இரண்டு பொருந்தின.

"உங்க அக்காவுக்கு என்ன சார், ராணி இரத்தமா? வர்றவங்களையெல்லாம் வாசல்லயே திருப்பி அனுப்புது" என்றார் போனில். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "ரெண்டு கிடைச்சிருச்சு. ஒதுக்கிட்டேன்."

அறுவைக்கு ஒரு புதன்கிழமை காலை பத்து மணி என்று பதிவானது. சொந்தக்காரர்களின் பதிவைத் தொடக்கூடாது என்பது அவர்கள் பிரிவின் விதி. பென்சில் தொடவில்லை. எல்லோருக்கும் போல அக்காவின் பதிவும் கண்டக்டர் வழியாகப் போனது. படுக்கை, மருத்துவர், மயக்க மருந்து, இரத்தம், அறை, செய்தி. ஆறும் பச்சை.

அன்று காலை அவர் வார்டுக்குப் போனார். அக்கா படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா ஜன்னலோரம் நின்றார்.

"டேய் பென்சில், உன் கம்ப்யூட்டர்ல என் பேரு பேனாவுலதானே இருக்கு?"

"பேனாதான்க்கா."

"அப்ப சரி. போய் வேலையைப் பாரு. இங்க நின்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டா டாக்டர் பயந்துருவாரு."

ஒன்பது நாற்பதுக்கு மூன்றாம் எண் அறையின் காற்றுச் சுத்திகரிப்பு நின்றது. அறைப் பணியாளர் விதிப்படி அறையைப் பழுது என்று குறித்தார். கண்டக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: ஐந்தாவது படி கெட்டுவிட்டது, திருப்பு. பின்னாலிருந்து தொடங்கியது. முதலில் செய்தி. மாமாவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது: உங்கள் அறுவையில் மாற்றம், காத்திருக்கவும். அடுத்து அறை, அது ஏற்கெனவே கெட்டிருந்தது. அடுத்து இரத்தம்.

பென்சிலின் மேசையில் எச்சரிக்கை மணி அடித்தது. பதிவு எண்ணைப் பார்த்தார். அவருக்கு அது மனப்பாடம். கண்டக்டரை அந்த இடத்திலேயே நிறுத்தினார். எந்தப் பதிவானாலும், பணியில் இருப்பவர் நிறுத்தலாம் என்பது விதிக்குள்தான் இருந்தது. உடனே அறைக்குப் போன் போட்டார். "வடிகட்டிதான் சார், மாத்திட்டிருக்கோம், முக்கா மணி நேரத்துல ரெடி" என்றார்கள். முக்கால் மணி நேரம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் போதும். அறை பச்சையானதும் கண்டக்டரை முன்னோக்கி விட்டுவிடலாம்.

போனை வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. வங்கியம்மா.

"சார், உங்க அக்காவோடது மஞ்சளா மாறி நிக்குது. அறை போயிருச்சாமே?"

"ஆமாம்மா. அறையில கோளாறு."

"ஐயோ. இந்த ரெண்டு பையை என்ன பண்ணட்டும்?"

"விட்டுடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"விட்டுடவா?"

"ஆமா, ஆமா. விட்டுடுங்க."

"சரி சார். பாவம், இவ்வளவு தூரம் வந்து." போன் வைக்கப்பட்டது.

பென்சில் சொன்னது, அதைத் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும் என்று. யாராவது கையிலிருப்பதை நோண்டிக்கொண்டிருந்தால் நாம் சொல்வோமே, விடு என்று, அந்த விடு. வங்கியம்மாவுக்குக் கேட்டது அவர் ஆறு வருடமாக அழுத்தி வந்த விடு. அந்தச் சொல்லை அந்தப் பொத்தானில் எழுதிக் கொடுத்தவர் சொல்கிறார், அதுவும் சொந்த அக்கா விஷயத்தில். சந்தேகத்துக்கு ஒரு தடவை திருப்பியும் கேட்டாகிவிட்டது. அழுத்தினார்.

பைகள் பொதுக் கணக்குக்குப் போனதாக இரத்தச் சேவை கண்டக்டருக்கு உடனே செய்தி அனுப்பியது. கண்டக்டரைப் பென்சில் நிறுத்தி வைத்திருந்தார். நிறுத்தி வைத்த கண்டக்டர் எதையும் படிக்காது. செய்தி வரிசையில் நின்றது. அவர் திரையில் இரத்தம் பச்சையாகவே இருந்தது.

பத்து அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது பக்கத்துக் கட்டிடத்தில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. வகை பார்க்க நேரமில்லை. யாருக்கும் ஏற்றக்கூடியது ஓ நெகட்டிவ். வங்கியில் அந்த நேரத்தில் ஒதுக்கப்படாமல் இருந்தவை இரண்டே பைகள்.

பத்து இருபத்தைந்துக்கு அறை பச்சையானது. பென்சில் கண்டக்டரை ஓடவிட்டார். வரிசையில் காத்திருந்த செய்திகளை அது ஒவ்வொன்றாகப் படித்தது. இரத்தம் சிவப்பானது. வலைத்தொடர்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்கச் செய்தார். சிவப்பு. மூன்றாவது தடவையும் சிவப்பானபோது, விடு என்ற சொல்லுக்கு எதிரே ஒன்பது நாற்பத்தாறு என்ற நேரத்தைப் பார்த்தார்.

படியிறங்கி வங்கிக்கு ஓடினார். வங்கியம்மா குளிர்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பை எங்கம்மா?"

"எந்தப் பை?"

"அக்கா பை."

"நீங்கதானே சார் விடச் சொன்னீங்க. ரெண்டும் பிரசவத்துக்குப் போயிருச்சு. அந்தப் பொண்ணு பொழச்சிருச்சாம், இப்பத்தான் சொன்னாங்க..." சொல்லிக்கொண்டே பென்சிலின் முகத்தைப் பார்த்தவர் நிறுத்தினார். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "நீங்க விடச் சொன்னீங்க சார். நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"கேட்டீங்க" என்றார் பென்சில்.

ஆஸ்பத்திரி அன்றே மறுபடி பைகள் தேடத் தொடங்கியது. மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். படுக்கைக்கு வேறு ஆள் காத்திருந்தார். சாயங்காலம் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கோபப்படக் கூடாது.

"முதல் ரெண்டும் சரி. மூணாவதுக்கு இவரை வேற வீட்டுக்கு அனுப்பணும்" என்று மாமாவைக் காட்டி மருத்துவரிடம் சொன்னாள் அக்கா.

அறை பழுதானதால் தள்ளிப்போயிற்று என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும் முன் பென்சில் மாடியேறினார். அக்கா சாப்பாட்டு மேசையில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்து நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். பொத்தானில் ஏன் அந்தச் சொல் வந்தது என்பதையும் சேர்த்து. எதையும் விடவில்லை.

அக்கா முதலில் சிரித்தாள். "விடுன்னா விட்டுட்டாளா? சரியாத்தானே செஞ்சிருக்கா." பிறகு சிரிப்பு நின்றது. காய்த்த விரல்களால் மேசை விளிம்பைத் தடவினாள்.

"வில்லை ஓரத்தை ஒரு இழை அதிகமா தேய்ச்சுட்டா திரும்ப ஒட்ட முடியாதுடா. சட்டத்துல நிக்காம கழண்டு விழும். அதான் முப்பது வருஷமா ஒவ்வொரு தடவையும் அளந்துட்டுத்தான் தேய்க்கறேன். நேத்து அளந்ததுதானேன்னு விடமாட்டேன். நீ அளக்கலையா?"

அவள் துடைத்துப் போட்ட துணியை அவர் மடித்து வைத்தார்.

"அவ ரெண்டாவது தடவை கேட்டா இல்ல? அது அளக்கச் சொல்லித்தான் கேட்டா. நீ அளக்கலே." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. பென்சில் மாடியேறுவதும், மாமாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்குவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தக் கண்ணாடியைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எத்தனை நாளைக்குச் சாய்ச்சு மாட்டிட்டு அலைவான்?" கழற்றிக் கொடுத்தார். முறுக்கித் திருப்பிக் கொடுத்தாள். கேட்கவேண்டாம் என்று நினைத்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "குழந்தை?"

"பொண்ணு. நல்லா இருக்காம்."

"ம்."



ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பல் துலக்கிவிட்டுத் திரும்பிய அக்கா, முதுகில் ஏதோ குத்துகிறது என்று மாமாவிடம் சொன்னாள். அவர் தண்ணீர் எடுத்து வருவதற்குள் குளியலறை வாசலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பென்சில் ஒரு மாடி ஏறி வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் வந்தபோது அக்காவின் கை மாமாவின் சட்டையைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியில் பலம் இல்லை.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. நீள மேசை, எட்டு நாற்காலி. பிரிவுத் தலைவர் கண்டக்டரின் பதிவுத் தாளை எல்லோருக்கும் கொடுத்திருந்தார். ஒன்பது நாற்பத்தாறு, செயல்: விடு, செய்தவர்: இரத்த வங்கி, பணியாளர் எண். தாளில் பென்சிலின் பெயர் ஒரே இடத்தில் இருந்தது, கண்டக்டரை நிறுத்தியவர் என்று.

"பதிவுப்படி பொத்தானை அழுத்தினது வங்கிதான்" என்றார் தலைவர்.

வங்கியம்மா எழுந்து நின்றார். "சார் விடச் சொன்னார்."

"அவர் சொன்னது வேற அர்த்தத்துல."

"எனக்கு எப்படிங்க தெரியும், எந்த அர்த்தம்னு? பொத்தான்ல அர்த்தம் எழுதியிருக்கா? பொத்தான்ல விடுன்னு இருக்கு. அவரும் விடுன்னார்." தாளைத் தள்ளி வைத்தார். "நான் அறுபத்து மூணு பையைச் சோதிச்சவ. தூக்கிக் கொடுக்கறதுக்காகவா சோதிச்சேன்?"

பென்சில் கட்டத்தாளை மேசைமேல் வைத்தார். "போன் பேச்சு பதிவுத் தாள்ல வராது. அதனால எழுதிக் கொண்டுவந்திருக்கேன். அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க. நான் ரெண்டு தடவையும் விடச் சொன்னேன். அந்தப் பொத்தானுக்கு அந்தப் பேரை வெச்சது நான். கண்டக்டரை நிறுத்தினா வர்ற செய்தி படிக்கப்படாதுன்னு எழுதினதும் நான். நிறுத்தினப்ப அது என் ஞாபகத்துல இல்லை. இதுல அவங்க தப்பு எந்த வரியிலயும் இல்லை."

"உங்க துக்கத்துல பேசறீங்க" என்றார் தலைவர் மெதுவாக.

"இல்ல சார். படிச்சுப் பாருங்க. வரிசையாத்தான் இருக்கு."

வங்கியம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. பென்சிலைக் கண்டக்டரிலிருந்து ஆறு மாதத்துக்கு விலக்கினார்கள். அதற்கு முன், சொற்களைத் திருத்தி முடிக்க இரண்டு வாரம் கொடுத்தார்கள். அவர் ஆறு சேவைகளின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, விடு என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் தாளில் எழுதினார். நாற்பத்தொன்று. இரத்த வங்கியின் பொத்தான்களைப் பெரிதாக்கினார். ஒன்றில் "மற்றவருக்குக் கொடு". இன்னொன்றில் "இவருக்கே வை". அழுத்தினால் நோயாளியின் பெயரைச் சொல்லி மறுபடி கேட்கும். வங்கியம்மா வந்து கையுறையோடு அழுத்திப் பார்த்தார்.

"கதை எழுதியிருக்கேன்னு சொல்லமாட்டீங்களா?" என்றார் பென்சில்.

வங்கியம்மா மறுபடி அழுத்தப் போனார். பழகிப்போன கை, பழைய பொத்தான் இருந்த மூலைக்கே ஒரு தடவை போய்த் திரும்பியது.

ஒரு வேலை மிச்சமிருந்தது. அக்காவின் பதிவு முடியாமல் நின்றது. எதிர்ச்செயல் தோற்கக் கூடாது, தோற்றால் வெற்றி பெறும்வரை நிமிடத்துக்கு ஒரு தடவை முயல வேண்டும் என்று பென்சில் விதி எழுதியிருந்தார். அறுவை தள்ளிப்போனதால் மறுபடி திருப்பத் தொடங்கிய கண்டக்டர், இரண்டு பைகளையும் திரும்ப வாங்கிக்கொள்ளுமாறு இரத்தச் சேவையைக் கேட்டுக்கொண்டே இருந்தது. செலவாகிவிட்டது, அப்படி ஒரு பை இல்லை என்று அதுவும் சொல்லிக்கொண்டே இருந்தது. முயற்சிகளின் எண்ணிக்கை முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அக்கா கண்ணாடியை நேராக்கிக் கொடுத்த நிமிடத்திலும் அது கேட்டிருக்கும். குளியலறை வாசலிலும் கேட்டிருக்கும். அதைக் கையால்தான் முடிக்க வேண்டும். முடித்தால் கடைசிப் படியாக வீட்டுக்கு ஒரு செய்தி போகும். அதனால்தான் அவர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரத்தின் கடைசி நாள் மதியம் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். சொந்தக்காரர் பதிவல்லவா? காரணம் எழுதும் கட்டத்தில் "கைமுறை முடிப்பு. பை இல்லை. நோயாளி இல்லை. விடச் சொன்னவர்:" என்று எழுதித் தன் பணியாளர் எண்ணைப் போட்டார். ஐந்தரை மணிக்கு முடியும்படி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். போன் முன்னால் இருந்தது.

"மாமா, ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு மெசேஜ் வரும். கம்ப்யூட்டர் தானா அனுப்பறது. நீங்க தனியா இருக்கறப்ப வரவேண்டாம்னு வந்தேன்."

மாமா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் கொடுத்தார். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தரைக்குப் போன் மேசைமேல் அதிர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது. மாமா தன் கண்ணாடியைத் தேடித் தடவினார்; அது அக்கா பொருத்தியது. எடுத்தவர் மாட்டிக்கொள்ளவில்லை. போனைப் பென்சில் பக்கம் தள்ளினார்.

"நீயே படி."

பென்சில் படித்தார். "தங்கள் அறுவைப் பதிவு விடப்பட்டது. நன்றி." படித்த பிறகுதான் சொல் தெரிந்தது. செய்திகளின் வாசகங்கள் அவர் திறந்த கோப்புகளில் இல்லை, தனிப் பட்டியலில் இருந்தன. அங்கே அவர் தேடவில்லை.

"இதுக்கப்புறம் அந்த நம்பர்லேர்ந்து ஒண்ணும் வராதில்ல?" என்றார் மாமா.

"வராது மாமா."

சட்டைப் பையிலிருந்து மடித்த கட்டத்தாளை எடுத்தார். நாற்பத்தொன்று என்று முடிந்திருந்த பட்டியலின் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதினார். மாமா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா எழுதறே?"

"ஒண்ணு விட்டுப்போச்சு மாமா."